பழைய லேப்டாப்பும் கார்த்திகை இரண்டாம் தேதியும்

நவம்பர் 4, திங்கள்

பூஜை அலமாரியின் மேல்தட்டிலிருந்து தாரணியின் லேப்டாப்பை இறக்கிவிட்டேன். இறக்கும்போது சாம்பிராணிக் கரண்டி என் தலையில் விழுந்தது. நல்ல சகுனம்தான், போ.

தாரணி என் அண்ணன் மகள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இது. இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், அங்கே கம்பெனியே ஒன்று கொடுத்திருக்கிறது. அதனால் இது சாமியோடு சாமியாக இருந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மதினி இதை இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தறி சாமான்களோடு வரிசையில் உட்கார்த்துவாள். மறுநாள் மேலே ஏறிவிடும்.

"எதுக்குட்டி அத இறக்குத?" என்று மதினி கேட்டாள்.

"பழைய போட்டோ பாக்கணும் மதினி" என்றேன். பொய்தான். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு இப்போது சரளமாக வருகிறது.

பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் குத்தியிருந்தால்தான் உயிர். அரை மணி நேரம் யோசித்துவிட்டு எழுந்தது. மூலையில் தேதி பார்த்தால் 2010 ஜனவரி ஒன்று என்று காட்டுகிறது. அன்றைக்கு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நெட் பிடிக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம்.

நவம்பர் 5, செவ்வாய்

விஷயத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே சொதப்பிவிடுவேன்.

தாரணிதான் சொன்னாள். சென்னையில் ஒரு கம்பெனி. ஆடியோவைக் கேட்டுத் தமிழில் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும், வீட்டிலிருந்தே வேலை. பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பரீட்சை. போனில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டர் வேண்டும், நெட் வேண்டும், இடையில் எழுந்து போகக் கூடாது. "வேலை கெடச்சிட்டுன்னா எங்கூட வந்து ரூம்ல தங்கிக்கிடுங்க அத்தை" என்றாள். சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

சும்மா ஒன்றும் இல்லை. ஆடி மாதம் சுரண்டையில் புருஷன் வீட்டிலிருந்து பையோடு வந்தவள் நான். அண்ணனும் மதினியும் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்ததும் சுரண்டைக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டான். புருஷன் பெண்சாதிக்குள் நடக்காததா என்கிறான். என்ன நடந்தது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் "வேலைக்குப் போகணும் அண்ணே, வரமுடியாது" என்று சொல்லிவிடலாம். அது கௌரவமான காரணம். வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று முழுக்க அந்த லேப்டாப்போடு மல்லுக்கு நின்றேன். மதினி போனுக்கு நெட் வருகிறது, டிவிக்கு வருகிறது, இதற்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. கீழே சிக்னல் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மேல்வரிசைப் பொத்தான் ஒன்றில் கோபுரமும் அலையும் போட்ட படம் இருக்கிறது. அதை அமுக்கினேன், இன்னொன்றைச் சேர்த்து அமுக்கினேன், அணைத்துப் போட்டேன். யார் வீட்டு எழவோ என்று கிடக்கிறது.

நவம்பர் 6, புதன்

மழை. கரண்ட் இல்லை. உளுந்து ஊறப் போட்டது வீணாகப் போயிற்று.

நவம்பர் 7, வியாழன்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கட்டைப் பையில் வைத்து மேலே ஒரு சேலையைப் போட்டு மூடிக்கொண்டு பஜாருக்குப் போனேன். கள்ளக் கடத்தல் செய்பவள்கூட இவ்வளவு வேர்த்திருக்கமாட்டாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பையிலிருந்து எடுத்ததும் முன்பக்கத்துச் சந்தனத்தைப் பார்த்தார். விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் திறந்தார். பக்தியான மனுஷன். ஆனால் பக்தி ரிப்பேருக்கு உதவவில்லை.

"அக்கா, உள்ள ஒயர்லெஸ் போர்டு அடிபட்டுட்டு. வெளிய குத்துற மாதிரி ஒரு சின்ன குச்சி வாங்கிப் போட்டாத்தான் உண்டு. ஸ்டாக் இல்ல. ரெண்டு வாரம் ஆவும்."

"அதுக்கு முன்னால கெடைக்காதா?"

"அப்பிடி என்னக்கா அவசரம்? பேசாம இத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

இவருக்கு என்ன, சொல்லிவிட்டார். எரிச்சலோடு திரும்பி வந்தேன். வீட்டில் மதினி, "ஜாக்கெட் எப்பத் தருவானாம்?" என்று கேட்டாள். ரெண்டு வாரம் ஆகும் என்றேன். அதுவாவது உண்மை.

மத்தியானம் மதினி தூங்கும்போது டைப் அடித்துப் பழகினேன். அதற்கு நெட் தேவையில்லை, தமிழ் எழுத்து தாரணி முன்னமே போட்டு வைத்திருக்கிறாள். விரலெல்லாம் மறக்கவில்லை, பரவாயில்லை. இந்த விசைப்பலகையில் அ, ஆ இரண்டும் இடது சுண்டுவிரலுக்கு வருகிறது. அந்த விரல்தான் சொன்ன பேச்சுக் கேட்கமாட்டேன் என்கிறது. ஆடியில் கதவில் நசுங்கிய விரல். ஆ வராத தமிழ் வாக்கியம் எங்கே இருக்கிறது? அம்மா, அப்பா, வா, போகாதே, எல்லாவற்றிலும் அதுதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். "சுரண்டையில இருந்து பேசுனாவ. வார ஞாயித்துக்கிழமை, கார்த்திகை ரெண்டாந்தேதி, நாள் நல்லா இருக்காம். மாப்ளையோட பெரியப்பாவும் வாராராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவாவ. அன்னைக்கே கூட்டிட்டுப் போறாவளாம்."

வார ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினேழு.

வருஷத்தில் இத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்க, அதே நாளா வாய்க்க வேண்டும்? "சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன். அவன் இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். "என்னட்டி, கவனம் எங்கன இருக்கு?" என்று மதினி சத்தம் போட்டாள்.

அப்புறம் பூண்டு உரித்தேன். ஊறுகாய்க்குத் தேவைக்கு மேலேயே உரித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மொட்டைமாடிக்கு ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், இன்றைக்குத் துணியே துவைக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மதினி போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் தாரணியிடம் பேசினேன். (என் போன் சுரண்டையிலேயே இருக்கிறது.) கடைக்காரர் சொன்னதைச் சொன்னதும் சிரித்தாள்.

"போர்டெல்லாம் போயிருக்காது அத்தை. அதுல முன்னாடி ஓரத்துல, கை வைக்கிற எடத்துக்குக் கீழ, தள்ளுற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அது ஆஃப்ல கெடந்தா எத அமுக்குனாலும் நெட் வராது. ஸ்கூல்ல எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அதத் தெரியாம ஒரு வாரம் அழுதோம்."

இறங்கி வந்து தேடினேன். அப்படி ஒன்றையும் காணோம். முன்பக்கம் முழுக்கச் சந்தனம்தான்.

ஐயோ.

நவம்பர் 13, புதன்

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அது. இந்த வருஷத்தது மட்டும் இல்லை. போன வருஷத்துப் பொட்டின் மேல் இந்த வருஷம், அதற்கு அடியில் அதற்கு முந்தின வருஷம். மதினி துடைப்பது மூடியை மட்டும்தான், பொட்டைத் துடைக்கமாட்டாள். நடு முன்பக்கத்தில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் அழுத்தி, பக்கத்தில் இரண்டு. சுண்ணாம்பு பூசினமாதிரி இறுகிக் கிடக்கிறது. அந்தச் சுவிட்ச் இதற்குள்ளேதான் புதைந்திருக்க வேண்டும்.

மதினி வீட்டிலேயே இருந்தாள். தொட முடியவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்றும் இருந்தாள். கோலமாவு சலித்தாள், அரிசி புடைத்தாள், என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு என்ன பாயசம் என்று என்னிடமே யோசனை கேட்டாள்!

நவம்பர் 15, வெள்ளி

நிறைய எழுத வேண்டும்.

ஐப்பசிக் கடைசி வெள்ளி என்று மதினி கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைக் கீறினேன். பாளம் பாளமாக வந்தது. குங்குமம் சேலையெல்லாம் கொட்டியது. இரண்டாவது பொட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்து மதினி திரும்பி வந்தாள். தேங்காயை மறந்துவிட்டாளாம்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமத்த வழிச்சிப் போடுதியே, உனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? நாளக்கழிச்சி புருசன் கூட்டிட்டுப் போவ வாரான், நீ தாலி ஊக்கால பொட்ட அழிச்சிக்கிட்டு இருக்க! நல்லா இருக்குமா? சொல்லு, நல்லா இருக்குமா?"

அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் புரியாதவள் மாதிரி நடித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

"கூட்டிட்டுப் போவ வேண்டாம்னுதான் மதினி இதச் செய்யுதேன்!" என்று கத்தினேன். பரீட்சையைச் சொன்னேன், தாரணியைச் சொன்னேன், கடைக்காரரைச் சொன்னேன், ஜாக்கெட் பொய்யைச் சொன்னேன். அழுகையோடு சொன்னதால் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

மதினி பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஆடியில இருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். இது எந்தக் கதவுட்டி?"

"கதவுதான் மதினி."

"கதவுல நசுங்குனா நகம்லா மொதல்ல போவும். உனக்கு நகம் அப்பிடியே இருக்கு. விரல்லா கோணியிருக்கு."

சொல்லிவிட்டேன். தாரணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். யாரிடம் பேசுகிறாய், போனைக் கொடு என்றான் என் புருஷன். கொடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். கடைசி விரலை நான் விடவில்லை. அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் இப்போது எழுதவில்லை. இந்த நோட்டில்கூடக் கதவு என்றுதான் எழுதியிருக்கிறேன், அது என்ன பழக்கமோ.

மதினி மூக்கைச் சிந்தினாள். பிறகு என் கையிலிருந்த ஊக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க கொண்டா. வச்சவ நான், எடுக்கதும் நான்தான் எடுக்கணும். நீ தொட்டாத்தான தோசம்?"

பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்து, காதுக் குறும்பி எடுப்பதுபோலப் பதமாகச் சுத்தம் செய்தாள். உள்ளே அவரைவிதை அளவுக்கு ஒரு சுவிட்ச். நகத்தால் தள்ளினாள். அசையவில்லை. "வா சவமே" என்று திட்டி மறுபடி தள்ளினாள். நகர்ந்தது. பக்கத்தில் ஊதா விளக்கு எரிந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிவப்புக் குறி போய்விட்டது! அமுக்கினால் தெருவில் உள்ள நெட் பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எங்கள் வீட்டுப் பெயரைத் தொட்டு, டிவி பக்கத்தில் உள்ள நெட் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை மதினி வாசிக்க நான் அடித்தேன். சேர்ந்துகொண்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அடங்கவில்லை, அதற்குள் அடுத்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை, திறக்க முடியாது என்கிறது. தாரணிக்குப் போட்டோம். "அத்தை, தேதி என்ன காட்டுது?" என்றாள். 2010 ஜனவரி ஒன்று. தேதி தப்பாக இருந்தால் நெட்டில் எவனும் நம்மை நம்பமாட்டானாம். உள்ளே உள்ள பொத்தான் பேட்டரி போய்விட்டதாம், அதனால் ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டாலும் பழைய நாளுக்கே ஓடிவிடுமாம். மாற்றினேன். பக்கம் திறந்தது. பரீட்சைக்குப் பெயர் பதிந்தாயிற்று.

"உங்க அண்ணன்கிட்ட நான் எதும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்க" என்றாள் மதினி. அப்புறம் தேங்காயை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

நவம்பர் 16, சனி

அண்ணனிடம் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, போய்விட்டது.

சாப்பிடும்போது அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சோறு பாதியில் எழுந்துவிட்டான். பொரியலில் உப்பு கூடிவிட்டதோ என்னவோ.

நவம்பர் 19, செவ்வாய்

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை மெயில் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பழகு வேலை, அப்புறம் நிரந்தரம். வேகம் போதாது, இன்னும் கூட்ட வேண்டும் என்று ஒரு குத்தும் குத்தியிருக்கிறார்கள். கூட்டிக்கொள்வேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று சொன்னவர்கள் பத்தரைக்கே வந்து இறங்கினார்கள். என் புருஷன், அவன் பெரியப்பா, அத்தை முறையில் இரண்டு பேர். நான் வாங்க என்று கும்பிட்டுவிட்டுத் தாரணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "பொறப்படுதா போல" என்று யாரோ சொன்னது கேட்டது. சொல்லிக்கொள்ளட்டும். தேதியை மாற்றினேன், இயர்போனைக் காதில் மாட்டினேன், பதினொரு மணிக்குப் பரீட்சை ஆரம்பித்தது. கோழிக்குச் சளி பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா பேசுகிறார். நல்ல தெளிவான குரல். சுண்டுவிரலுக்குப் பதில் பக்கத்து விரலை நீட்டி அடித்தேன், ஓடிற்று. பாதியில் டாக்டரம்மா நின்றுவிட்டார். திரையில் இணைப்பு இல்லை என்று வந்தது. பத்து நிமிஷத்துக்குள் திரும்பி வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் முடிந்துவிடும் என்று அடியில் ஒரு வரி.

லேப்டாப்பில் ஊதா விளக்கு எரிகிறது. வரிசையில் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெயரை மட்டும் காணோம்.

கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தேன். டிவி பக்கத்தில் டேபிள் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. நெட் பெட்டியில் ஒரு விளக்குகூட இல்லை, அதன் ஒயர் தரையில் கிடந்தது.

"மழ பேஞ்சும் புழுக்கமா இருக்கு. நாந்தான் மாத்திக் குத்துனேன்" என்று அவன் சிரித்தபடி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்க? பையக் கட்டியாச்சா?" என்றான்.

அவன் காலைத் தாண்டிப் போய் பேன் ஒயரைப் பிடுங்கினேன். நெட் பெட்டியின் ஒயரைக் குத்தினேன். முதல் தரம் இறங்கவில்லை, இரண்டாம் தரம் இறங்கியது.

"என்னம்மா இது?" என்றார் பெரியப்பா.

"பரீட்ச எழுதிக்கிட்டு இருக்கேன் மாமா. முடியுத வரைக்கும் பேன் கெடையாது."

"பரீட்சையா? நாங்க உன்னயக் கூட்டிட்டுப் போவல்லா வந்திருக்கோம்."

"நான் வரல."

இவ்வளவு நாளும் வேலையைக் காரணமாகச் சொல்லத்தான் இத்தனை பாடுபட்டேன். அந்த நேரத்தில் வேலை ஞாபகத்துக்கே வரவில்லை. வரல என்றதும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அவன் எழுந்தான். "ஏய், பெரிய மனுசனுவள உக்கார வச்சிக்கிட்டு என்ன திமிரு இது?" என்று சுவிட்ச் போர்டு பக்கம் கையை நீட்டினான். அண்ணன் அதுவரை பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து நடுவில் நின்றான்.

"உக்காருங்க மாப்ள. புள்ள பரீட்ச எழுதுதுல்லா."

"மச்சான், நீங்களும்..."

"உக்காருங்கன்னு சொன்னேன்."

நான் உள்ளே ஓடினேன். நெட் பெட்டி கண் விழிக்கிறவரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒரு வழியாகப் பெயர் வந்தது, டாக்டரம்மாவும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். வெளியே என்ன பேசினார்கள் என்று தெரியாது, காதில் கோழிதான் இருந்தது. முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஹாலுக்கு வந்தால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் மட்டும் சுவிட்ச் போர்டை விட்டு நகரவே இல்லை. ஒயரைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான், சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது.

"முடிஞ்சிட்டாட்டி?" என்றான்.

"முடிஞ்சிட்டு அண்ணே."

"அப்ப பேனப் போடட்டுமா?"

அடுப்படி வாசலில் நின்ற மதினிதான் பதில் சொன்னாள்.

"இனி எதுக்கு? அவிய கெளம்புதாவல்லா."